மாமனாரும் மாப்பிள்ளையும் ஓர் உப்புச் சுரங்கமும்

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீசில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். பெட்டி வரும், பெட்டி போகும். மேலே என்ன எழுதியிருக்கிறது, பட்டியலில் என்ன இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று மூன்றையும் ஒத்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. மத்தியானம் சாப்பிட்ட பிறகு நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டு வாடகை நூலகத்துத் திரில்லர் நாவல்கள் படிப்பேன். அதிலும் யுத்த காலத்தில் ஓவியங்களை ஒளித்துவைக்கும் கதைகள் என்றால் டீ ஆறினாலும் தெரியாது. அந்தக் கதைகளில் பாதி ஏதாவது ஒரு சுரங்கத்தில் போய்த்தான் முடியும். அந்தச் சுரங்கம் நிஜமாகவே ஆஸ்திரியாவில் இருக்கிறது என்பது பிற்பாடுதான் தெரியும்.

மகள் வியன்னாவில் இருக்கிறாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, மாப்பிள்ளைக்குக் கிடைத்தது. ஆக ஒன்பது நாள், மாமனாரும் மருமகனும் தனியாக. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். தினம் ராத்திரி போனில் தட்டிப் போட்டதைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய். வியன்னா

கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் டச்சு ஓவியர் வெர்மீரின் 'ஓவியக் கலை' முன்னால் கால் மணி நேரம் நின்றேன். 120க்கு 100 சென்டிமீட்டர், அவ்வளவுதான். ஓவியர் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறார். சுவரில் ஒரு பெரிய நிலப்படம், அதன் மடிப்புக்கூடத் தெரிகிறது.

1940ல் செர்னின் என்ற பிரபுக் குடும்பத்திடமிருந்து ஹிட்லர் இதை 16,50,000 ரைக்ஸ்மார்க்குக்கு வாங்கினார். லின்ஸ் நகரத்தில் தன் பெயர் சொல்ல ஒரு பிரம்மாண்டமான ஓவியக்கூடம் கட்டுவது அவருடைய கனவு. குண்டுவீச்சு தொடங்கியதும் அந்தக் கூடத்துக்காகச் சேர்த்ததெல்லாம் உப்புச் சுரங்கத்துக்குப் போனது, இந்தப் படமும் சேர்த்து. போருக்குப் பிறகு அந்தக் குடும்பம் படத்தைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தது. கட்டாயப்படுத்தி வாங்கியதாகக் கொள்ள முடியாது, தர வேண்டியதில்லை என்று 2011ல் ஆஸ்திரியக் குழு பரிந்துரைத்தது.

வெளியே காபி 6 யூரோ 20. வெள்ளித் தட்டில் காபியும் பக்கத்தில் ஒரு சின்ன டம்ளர் தண்ணீரும் வைத்து, டம்ளர் மேல் ஸ்பூனைக் கவிழ்த்துத் தந்தார் பரிசாரகர். முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை. கோட்டும் டையுமாக, சம்பந்தி வீட்டுப் பெரியப்பா மாதிரி நின்றார். யூரோவை நூறால் பெருக்கும் வியாதி எனக்கு இன்னும் போகவில்லை. காபி இறங்க மறுத்தது.

"மாமா, பெருக்காதீங்க" என்றார் மாப்பிள்ளை.

ஜூன் 11, புதன். பாட் ஆவுசே வழியாக ஆல்ட்ஆவுசே

அட்னாங்-புக்ஹைமில் ரயில் மாறி உட்கார்ந்தபோது மழை பிடித்தது. ஹால்ஷ்டாட்டில் முக்கால் பெட்டி காலி. அழகான ஊர்தான், ஆனால் எல்லோரும் அங்கேயே இறங்குவதால் நாங்கள் இறங்கவில்லை.

வழியில் மாப்பிள்ளைக்கு ஒரு கதை சொன்னேன். கதை என்றால் நடந்தது. 1945 மார்ச் கடைசி. ராபர்ட் போசி என்று ஓர் அமெரிக்க கேப்டன், கலைப்பொருட்களைத் தேடிக் காப்பாற்றுவதற்கென்றே அமைந்த பிரிவைச் சேர்ந்தவர். ஜெர்மனியின் ட்ரியர் நகரத்தில் அவருக்குப் பல்வலி. ராணுவப் பல் வைத்தியர் எங்கோ தூரத்தில் இருக்கிறார். உள்ளூர்க்காரர் ஒருவரிடம் போகிறார். அந்த வைத்தியர் பல்லைப் பார்த்தபடியே பேச்சுக் கொடுத்து, நீங்கள் ஓவியம் தேடுகிறவர்களா, என் மருமகனும் அந்தத் துறைதான் என்று கூட்டிப்போய்க் காட்டுகிறார். மருமகன் ஹெர்மன் புன்யெஸ், பாரிஸில் ஹிட்லரின் தளபதி கோரிங்குக்காக வேலை பார்த்த கலை வரலாற்று ஆய்வாளர். சுரங்கம் இருக்கும் ஆல்ட்ஆவுசே என்ற பெயரே அமெரிக்கர்கள் காதில் அங்கேதான் விழுகிறது.

"அப்ப மாமனார்தான் மருமகனைக் காட்டிக் கொடுத்திருக்காரு" என்றார் மாப்பிள்ளை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

நாவலில் இப்படி எழுதினால் பதிப்பாசிரியர் அடித்துவிடுவார். பல்வலியாம், மாமனாராம்.

பாட் ஆவுசே ஸ்டேஷனில் நாங்கள் போக வேண்டிய பஸ்ஸின் பின்பக்கத்தைத்தான் பார்த்தோம். அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்து. மழையை நூல் நூலாக என்று இங்கே சொல்வார்களாம், அதற்குத் தனி வார்த்தையே உண்டு. நம்மூர் ஐப்பசி அடைமழை மாதிரி ஆர்ப்பாட்டம் கிடையாது, சத்தமில்லாமல் நாள் முழுக்க நூற்கிறது. குடை ஒன்று, ஆள் இரண்டு. "நீங்க பிடிச்சுக்கோங்க மாமா", "பரவால்ல மாப்ள, நீங்க பிடிங்க" என்று உபசரித்து உபசரித்து இரண்டு பேரும் நனைந்தோம்.

ஒரு அம்மாள் வேனை நிறுத்தினார். பின்னால் ரொட்டிக் கூடைகள். எங்கே என்று கேட்டார், சீட்டில் பழைய செய்தித்தாளை விரித்தார், உட்காரச் சொன்னார். ஊர் வரும்வரை அதற்கு மேல் ஒரு பேச்சு இல்லை. மாப்பிள்ளை தன் வியன்னா ஜெர்மனில் ஏதோ கேட்டதற்கு அவர் சொன்ன பதில் மாப்பிள்ளைக்கே புரியவில்லை. இறங்கும்போது காசு நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்த பார்வையில் காசு தானாகப் பைக்குள் போய்விட்டது.

விடுதியில் இரண்டு தனிக்கட்டில் என்று சொல்லிவைத்த அறை, போய்ப் பார்த்தால் ஒரே இரட்டைக் கட்டில். ராத்திரிக்கு 118 யூரோ, காலைச் சாப்பாட்டோடு. வேறு அறை இல்லை. மாப்பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. நல்லவேளை, இந்த ஊர் வழக்கத்தில் இரட்டைக் கட்டில் என்றாலும் மெத்தை இரண்டு, போர்வை இரண்டு. நடுவில் ஒரு பள்ளம், எல்லைக்கோடு மாதிரி. இரண்டு தேசமும் எல்லையை மதித்துத் தூங்கின.

தூங்கும் முன் சாப்பிட்டது ஷ்டையரர் க்ராப்ஃபன். கம்புக்கும் கோதுமைக்கும் நடுவில் இருக்கும் ரை என்ற தானிய மாவை மெல்லிசாகத் தேய்த்து எண்ணெயில் பொரித்த பூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இந்தப் பக்கத்துச் சாம்பல் நிறப் பாலாடைக்கட்டியை உதிர்த்து வைத்துச் சுருட்டித் தின்ன வேண்டும். அந்தக் கட்டியின் வாசம் நல்ல முற்றின கருவாட்டுக்குச் சளைக்காது. எனக்குப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை சூப்போடு நிறுத்திக்கொண்டார்.

ஜூன் 12, வியாழன். சுரங்கம்

ஊரிலிருந்து சுரங்கம் மலைமேல் மூன்று நான்கு கிலோமீட்டர். நடந்தே ஏறினோம். வெளியே 14 டிகிரி, உள்ளே வருடம் முழுக்க 7 டிகிரி. மேலே போட்டுக்கொள்ளச் சட்டையும் கால்சட்டையும் அவர்களே தருகிறார்கள். எனக்குக் கொடுத்ததில் இன்னொருவர் கூட நுழையலாம். நுழைவுச்சீட்டு இருபது யூரோவைத் தாண்டியது. பெருக்கவில்லை.

இது இன்றைக்கும் ஓடுகிற சுரங்கம், ஆஸ்திரியாவிலேயே பெரிய உப்புச் சுரங்கம். பதிவுகள் 1147 வரை பின்னால் போகின்றன. உப்பைப் பாறையாக வெட்டி எடுப்பதில்லை. உள்ளே தண்ணீர் விட்டுக் கரைத்து, உப்புநீராக எடுத்து, குழாயில் எபென்ஸே ஆலைக்கு அனுப்பிக் காய்ச்சுகிறார்கள். நம்மூரில் வெயில் செய்யும் வேலையை அங்கே ஆலை செய்கிறது. சுவரைத் தொட்டு விரலை நக்கிப் பார்த்தேன். களிமண்ணும் உப்புமாகச் செந்நிறத்தில் ஒரு பாறை. தூத்துக்குடி உப்பைவிட முரட்டுச் சுவை.

(இந்த இடத்தில் 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று எழுதிவிடுவேன் என்று வீட்டுக்காரி பந்தயம் கட்டியிருந்தாள். பந்தயத்தில் அவள் ஜெயித்துவிட்டாள்.)

மலைக்குள்ளேயே புனித பார்பராவுக்கு ஒரு கோயில். சுரங்கத் தொழிலாளிகளின் காவல் தெய்வம். 1935ல் உப்புக் கற்களாலேயே கட்டியது, பின்னால் விளக்கேற்றினால் சுவர் ஆரஞ்சு நிறத்தில் கனிகிறது. இந்தக் கோயிலில் இருந்த பொருட்கள் கெடாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் வியன்னா அதிகாரிகளுக்கு யோசனை வந்தது என்றார் எங்களைக் கூட்டிப்போன இளைஞர். உப்பு, காற்றில் ஈரம் மிஞ்சினால் உறிஞ்சிக்கொள்ளும், குறைந்தால் விட்டுக்கொடுக்கும். பலகையில் வரைந்த ஓவியத்துக்கு வெயிலோ குளிரோ பெரிய விரோதி இல்லை, ஏற்ற இறக்கம்தான் விரோதி. மூன்று தலைமுறையாக உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்து சைக்கிள் துருப்பிடிப்பதை மட்டுமே பார்த்த எனக்கு இது புதுச் செய்தி.

1943ல் முதலில் ஆஸ்திரிய அருங்காட்சியகங்கள், ஆலயங்களின் பொருட்கள் வந்தன. அடுத்த வருடம் ஹிட்லரின் லின்ஸ் சேகரிப்பு வந்தது. யூதக் குடும்பங்களின் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றியவையும் அதில் உண்டு. வெர்மீரின் இன்னொரு படமான 'வானியலாளர்' பாரிஸ் ரோத்ஸ்சைல்ட் குடும்பத்திடமிருந்து பறித்தது, அதுவும் இங்கேதான் கிடந்தது. போர் முடிந்து கணக்கெடுத்தபோது ஓவியங்கள் மட்டும் 6,500க்கு மேல். சிற்பங்கள் 137. புத்தகப் பெட்டிகள் தனி. அடுக்கிவைக்க மரச்சட்டங்கள் அடித்துக் கொடுத்தது, குட்டி ரயிலில் ஏற்றி உள்ளே தள்ளியது எல்லாம் சுரங்க ஆட்கள்.

இனி வருவது பெட்டி.

1945 மார்ச் 19ல் ஹிட்லர், எதிரிக்கு உபயோகப்படக்கூடிய எதையும் விட்டுவைக்காமல் அழியுங்கள் என்று உத்தரவு போட்டார். அதில் ஓவியங்களைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பகுதிக்கு அதிபதியாக இருந்த ஆகுஸ்ட் ஐக்ரூபர், எள் என்றால் எண்ணெயாக நிற்கும் ஆள். ஏப்ரல் 10ந்தேதி நான்கு பெட்டி, 13ந்தேதி நான்கு பெட்டி சுரங்கத்துக்குள் போயின. வெளியே எழுதியிருந்தது: 'கவனம். மார்பிள். கவிழ்க்காதீர்.' உள்ளே இருந்தது பெட்டிக்கு ஒன்றாக 500 கிலோ விமானக்குண்டு.

அதே மாதிரிப் பெட்டி ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் படமெடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள், என்னால் நகர முடியவில்லை. இந்த எழுத்தை எத்தனை ஆயிரம் பெட்டியில் பார்த்திருப்பேன். கவிழ்க்காதே, கொக்கி போடாதே, இந்தப் பக்கம் மேலே. லோடுமேன்கள் அதை நம்பித்தான் தூக்குவார்கள். குண்டு என்று எழுதியிருந்தால் எவன் தூக்குவான்? அந்த எட்டுப் பெட்டியையும் சுரங்கத் தொழிலாளிகளே பக்குவமாக, கவிழ்க்காமல், உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். அவர்கள் சோற்றுக்கு அவர்களே உலை.

நிஜ மார்பிள் எங்கே இருந்தது தெரியுமா? மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மரியன்னை, பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரத்திலிருந்து தூக்கி வந்தது, அதே மலைக்குள் ஒரு பழைய மெத்தை மேல் கிடந்தது. வான் ஐக் சகோதரர்கள் வரைந்த, பெல்ஜியத்தின் கென்ட் நகரக் கோயில் பீடத்து ஓவியப் பலகைகளைக் காலி அட்டைப்பெட்டிகளின் மேல் வைத்திருந்தார்கள். மார்பிளுக்கு மெத்தை, குண்டுக்குப் பெட்டி.

பெட்டிக்குள் இருப்பது என்ன என்பது மெல்லக் கசிந்தது. வெடித்தால் ஓவியம் மட்டும் போகாது, தண்ணீர் புகுந்து சுரங்கமே போய்விடும். அப்பன் பாட்டன் இறங்கிய சுரங்கம், நாளைக்குப் பிள்ளை இறங்க வேண்டியது. சுரங்க நிர்வாகத் தலைவர் எம்மெரிக் ப்யோக்ம்யூலரும் பொறியாளர் ஓட்டோ ஹ்யோக்லரும் ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள். பெட்டிகளை வெளியே எடுத்துவிட்டு, நுழைவழிகளை மட்டும் சிறிய வெடியால் மூடிவிடுவது. மேலிடத்துக்கு அது அழிப்பு மாதிரித் தெரியும், உள்ளே இருப்பதற்கு அது பூட்டு.

ஐக்ரூபர் ஒப்புக்கொள்ளவில்லை. அலோய்ஸ் ரௌடாஷல் என்ற தொழிலாளி, அந்தச் சமயம் ஆல்ட்ஆவுசேவில் வந்து ஒளிந்திருந்த எர்ன்ஸ்ட் கால்டன்புருன்னரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். ஹிட்லர் ஆட்சியின் ரகசியப் போலீசுக்கும் உளவு அமைப்புக்கும் தலைவன் அவன். லட்சக்கணக்கான சாவுக்குப் பொறுப்பானவன், அடுத்த வருடம் நியூரம்பெர்கில் தூக்கில் தொங்கப்போகிறவன். அவன்தான் எடுத்துவிடுங்கள் என்று அனுமதி கொடுத்தான். மே 3 ராத்திரி தொடங்கி விடிவதற்குள் பெட்டிகள் வெளியே. மே 5 நுழைவழிகளுக்கு வெடி. மே 8 அமெரிக்கர்கள் வந்து சேர்ந்தார்கள்.

இதற்குள் ஏப்ரல் 29ல், சாவதற்கு முந்தின நாள், ஹிட்லர் எழுதிய சொந்த உயிலில் ஓவியங்கள் எல்லாம் லின்ஸ் கூடத்துக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது. முதலாளி பத்திரமாக வைக்கச் சொல்லி உயில் எழுதுகிறார், கையாள் குண்டு வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அடுத்ததாக மரச் சறுக்கில் சறுக்க வேண்டும். தொழிலாளிகள் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு அப்படித்தான் இறங்குவார்கள். இருவராகவும் சறுக்கலாம், பயமாக இருந்தால் அதுதான் நல்லது என்றார் அந்த இளைஞர். இருவர் என்றால் ஒருவர் கால்களுக்கு நடுவில் இன்னொருவர். மாப்பிள்ளையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தனித்தனியாகவே போனோம். பாதி வழியில் எனக்கு வேகம் போதாமல் நின்றுவிட்டது. தேர் நின்ற மாதிரி நடுச்சறுக்கில் உட்கார்ந்திருந்தேன். கீழே இருந்து ஒரு ஜெர்மன் குடும்பமே கைகளால் தள்ளிக்கொண்டு இறங்குவது எப்படி என்று அபிநயம் பிடித்துக் காட்டியது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் சிரித்தார்.

கடையில் உள்ளங்கை அளவு உப்புப் பாறை 6 யூரோ. "கொல்லன் தெருவுக்கு ஊசி வாங்கிட்டுப் போன மாதிரி இருக்கு மாமா, தூத்துக்குடிக்கே உப்பா?" என்றார். வாங்கினேன்.

ஜூன் 13, வெள்ளி. ஏரிக்கரை

மழை விட்டது. ஏரியைச் சுற்றி நடந்தால் இரண்டு மணி நேரம். தண்ணீர் கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு நிறம். எதிரில் ட்ரிஸ்ஸெல்வாண்ட் என்ற பாறைச்சுவர் அப்படியே ஏரிக்குள் தலைகீழாக நிற்கிறது. எதிரே வருகிறவர்கள் எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு நிற்காமல் போய்விடுகிறார்கள். எங்கேருந்து வர்றீங்க, என்ன வேலை, சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. மூன்று நாளாக யாரும் என்னை ஒன்றுமே கேட்காததில் லேசாக ஒரு குறை இருந்தது.

இந்த அழகில் எவனெவனோ ஒளிந்திருக்கிறான் என்பதுதான் நெருடுகிறது. கால்டன்புருன்னர் இந்த மலைமேல் ஒரு குடிசையில் பதுங்கியிருந்து மே 12ல் பிடிபட்டான். யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய ஐக்மனும் அந்தக் கடைசி நாட்களில் இங்கே வந்து போனவன், அவன் குடும்பம் 1952 வரை இந்தப் பக்கத்தில்தான் வாழ்ந்தது. ஏரியைப் பார்த்த நல்ல வீடுகளில் சில, 1938ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய பிறகு யூதர்களிடமிருந்து பிடுங்கியவை. அந்த வீடுகளுக்கு முன்னாலும் ஜெரேனியம் பூத்திருக்கிறது.

மத்தியானம் ஏரி மீன், சைப்ளிங். முழு மீனாக வெண்ணெயில் பொரித்து உருளைக்கிழங்கோடு 26 யூரோ. மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை, உப்பு மட்டும். முதல் வாயில் ஏமாற்றம், மூன்றாவது வாயில் எதற்கு மிளகாய் என்று தோன்றியது. மாப்பிள்ளை பையிலிருந்து ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மீன் முள்ளை எடுத்தபடியே கேட்டார்: "அப்ப யாருதான் மாமா காப்பாத்தினது?"

இந்தக் கேள்விக்கு எண்பது வருடமாகச் சண்டை. திரில்லருக்குத் தோதான ஆள் ஆல்ப்ரெஹ்ட் கைஸ்விங்க்லர். பாட் ஆவுசேக்காரர், பிரிட்டிஷாரிடம் போய்ச் சேர்ந்து, 1945 ஏப்ரலில் பாராசூட்டில் இறங்கியவர். ஓவியங்களைக் காப்பாற்றியது நானே என்று புத்தகம் எழுதினார், நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் அவர் பங்கை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். மலைகளில் மறைந்திருந்த நாஜி எதிர்ப்புக் குழுவும் உரிமை கொண்டாடியது. ப்யோக்ம்யூலர் தன் பங்கை எழுதிச் சின்னப் புத்தகம் போட்டார். அவரும் நாஜி ஆட்சியின் கீழ்ப் பதவியில் இருந்தவர் என்பதால் சுலபத்தில் யாரும் மாலை போடவில்லை. தேர் நிலைக்கு வந்த பிறகு வடம் பிடித்தேன் என்று சொல்லாதவர் யார்? ஆனால் வடத்தைத் தொட்டவர்களில் ஒருவன் கால்டன்புருன்னர் என்பதை என்ன செய்ய?

நான் படித்த நாவல்களில் எல்லாம் ஒரே ஒரு ஆள், கடைசி நிமிடம், கையில் கம்பி வெட்டும் குறடு. இங்கே பார்த்தால் கையில் குறடு வைத்திருந்தவன் எவனும் இல்லை. கைவண்டி வைத்திருந்தவர்கள்தான். அவர்களுக்கு வான் ஐக் யார், வெர்மீர் யார் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டும், அதற்குச் சுரங்கம் இருக்க வேண்டும். எனக்கென்னவோ இதில்தான் அதிக நம்பிக்கை. எங்கள் துறைமுகத்திலும் சரக்கு பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் சரக்கின் மேல் பிரியம் இல்லை.

"அப்ப காரணம் சோறுன்னு சொல்றீங்க" என்றார் மாப்பிள்ளை.

"மீன் ஆறுது, சாப்பிடுங்க மாப்ள."

ஜூன் 14, சனி. மியூனிக்

அரை நாள்தான். 31 டிகிரி வெயில், நேற்றுவரை ஸ்வெட்டர். சுரங்கத்திலிருந்து எடுத்ததை லாரி லாரியாகக் கொண்டுவந்து சேர்த்த இடம் க்யோனிக்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் நாஜிக் கட்சியின் பழைய நிர்வாகக் கட்டடம். இப்போது கலை வரலாற்று ஆய்வு மையம். கட்சி உறுப்பினர் அட்டைகள் இருந்த இடத்தில் அமெரிக்கர்கள் ஓவியங்களை வைத்துச் சொந்தக்காரர்களைத் தேடினார்கள். அதற்கு ஜோடியாக நிற்கும் கட்டடம், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த 1938 மியூனிக் ஒப்பந்தம் கையெழுத்தான இடம், இன்றைக்கு இசைக் கல்லூரி. மாடி ஜன்னலில் யாரோ ஒரே வரியைப் பியானோவில் திரும்பத் திரும்பத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். நின்று கேட்டோம். கடைசிவரை சரியாக வரவில்லை.

ராத்திரி விமானத்தில் பிரஸ்ஸல்ஸ்.

ஜூன் 15, ஞாயிறு. கென்ட்

காலை ஒன்பதுக்கே பாவோ தேவாலய வாசலில் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை காலை பூசை, பார்வையாளருக்கு மத்தியானம்தான் என்றார்கள். தூத்துக்குடிக்காரனுக்குப் பனிமயமாதா கோயில் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று தெரியாதா? முட்டாள்தனம் என்னுடையது. உருளைக்கிழங்கு வறுவல் 5 யூரோ, மேலே மயோனைஸ் ஒரு கரண்டி. மயோனைஸ் வேண்டாம் என்றதற்குக் கடைக்காரர் ஏதோ நான் நோயாளி என்பது போல் கரிசனமாகப் பார்த்தார்.

பீடம் இப்போது கண்ணாடிக் கூண்டுக்குள். 1432ல் முடித்த வேலை. நடுவில் பலிபீடத்தின் மேல் ஆட்டுக்குட்டி, நெஞ்சிலிருந்து ரத்தம் கிண்ணத்தில் விழுகிறது. சமீபத்தில் மேல்பூச்சை நீக்கியபோது ஆட்டின் பழைய முகம் வெளியே வந்தது. மனிதக் கண்ணால் நேருக்கு நேர் பார்க்கிறது. இதை வைத்து இணையத்தில் கேலி செய்தார்கள். நேரில் பார்த்தால் கேலி வராது, நான்தான் முதலில் பார்வையைத் திருப்பினேன்.

இந்தப் பலகைகள் பட்ட பாட்டில் எனக்குப் பிடித்த கட்டம் 1940. பெல்ஜியம் இதைப் பாதுகாப்புக்காகப் பிரான்ஸின் போ நகரக் கோட்டைக்கு அனுப்பியது. பெல்ஜியக் கலைத்துறை இயக்குநர், பிரான்ஸ் அருங்காட்சியகங்களின் இயக்குநர், கென்ட் மேயர் மூவரும் சம்மதித்தால் ஒழிய யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது என்று ஒப்பந்தம். என்ன அருமையான ஒப்பந்தம். 1942ல் பவேரிய அரசு ஓவியக்கூடங்களின் தலைவர் எர்ன்ஸ்ட் புஹ்னர் பீடத்தை எடுத்துப்போக வந்தார். ஜெர்மனிக்கு அடங்கி நடந்த பிரான்ஸின் விஷி அரசிடமிருந்து ஒரு தந்தி. மூன்று கையெழுத்தும் காற்றில் போயின. 1945 ஆகஸ்டில் விமானத்தில் பிரஸ்ஸல்ஸ் திரும்பியபோது கூடவே வந்தவர் நம் பல்வலி போசி. நடுநிசி தாண்டி அரண்மனையில் ஒப்படைத்துவிட்டு, ரசீது வாங்காமல் நகரவில்லை என்று படித்திருக்கிறேன். எங்கள் ஆபீசுக்கு அந்த மனிதரை எடுத்திருக்கலாம்.

கீழே இடது ஓரத்தில் குதிரைமேல் வரும் நீதிபதிகள் பலகை நகல். அசல் 1934 ஏப்ரலில் இந்தக் கோயிலிலிருந்தே திருடுபோனது. பத்து லட்சம் பிராங்க் கேட்டுக் கடிதங்கள் வந்தன. சந்தேகப்பட்ட மனிதர், இடம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு அதே வருடம் செத்துப்போனார். இரண்டு உலகப்போரையும் தாண்டி வந்த பீடத்தில் இன்றுவரை வராத பலகை, அமைதிக் காலத்தில் போனதுதான்.

ஜூன் 16, திங்கள்

காய்ச்சல். மழையா, சுரங்கமா, மயோனைஸ்காரர் பார்த்த பார்வையா தெரியவில்லை. மாப்பிள்ளை வெந்நீரில் மிளகு தட்டிப்போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போர்வையைக் கால் வரை இழுத்துவிட்டார். மகளிடம் போனில் "மாமா நல்லா இருக்காங்க, சும்மா களைப்பு" என்று பொய் சொன்னது கேட்டது.

ஜூன் 17, செவ்வாய். ப்ரூஜ்

மாதா கோயிலில் அந்தச் சிலை இருக்கும் பகுதிக்கு மட்டும் சீட்டு. எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில், கறுப்பு மாடத்துக்குள் வெள்ளையாக. நினைத்ததைவிடச் சின்னது, எனக்கு மார்பளவுதான் இருக்கும். பிள்ளை மடியில் இல்லை. தாயின் முழங்காலுக்கு நடுவில் நின்று, ஒரு காலை எடுத்துவைத்து இறங்கப் பார்க்கிறது. அவள் பிடித்தும் பிடிக்காமலும் ஒரு கையைக் கொடுத்துவிட்டு எங்கேயோ கீழே பார்க்கிறாள்.

மைக்கேலாஞ்சலோ உயிரோடிருக்கும்போதே இத்தாலியை விட்டு வந்த சிலை. மூஸ்க்ரோன் என்ற துணி வியாபாரிக் குடும்பம் வாங்கிக் கோயிலுக்குக் கொடுத்தது. பிரெஞ்சுப் புரட்சிப் படை ஒரு தடவை தூக்கிப்போய்த் திரும்பி வந்தது. 1944 செப்டம்பரில், நேச நாட்டுப் படை ஊருக்குள் வர ஒரு சில நாளே இருக்கையில், அமெரிக்கர்களிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஜெர்மானியர்கள் மெத்தைகளில் சுற்றி, செஞ்சிலுவை லாரியில் ஏற்றினார்கள். வெளியே செஞ்சிலுவை, உள்ளே களவு. இதுவும் ஒரு தப்பான லேபிள்தான். சுரங்கத்திலிருந்து அவளை வெளியே எடுத்த, போசியின் பிரிவைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டௌட், கோட்டுகளும் கயிறுகளுமாகக் கட்டி முடித்துவிட்டு, மலைக்கு மலை எகிறவிட்டாலும் மியூனிக் வரை இவளுக்கு ஒன்றும் ஆகாது என்றாராம். கட்டுகிறவனுக்குத்தான் அந்தத் தைரியம் வரும்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு குழந்தை சிலையைப் போலவே அம்மாவின் முழங்காலிலிருந்து நழுவி இறங்கி ஓடியது. காவலர் விரலை ஆட்டினார், மிரட்டலாக இல்லை.

ஜூன் 18, புதன். பிரஸ்ஸல்ஸ் விமான நிலையம்

ஸ்கேனரில் என் பை மட்டும் ஓரமாக ஒதுங்கியது. கையுறை போட்ட ஓர் இளம்பெண் திறந்தார். துண்டு, மாத்திரை டப்பா, ஊறுகாய்ப் பொட்டலம் (அது மாப்பிள்ளையுடையது), அதற்கடியில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பிரித்தார். செந்நிறக் கோடுகளோடு உப்புக்கட்டி. உருட்டிப் பார்த்தார்.

"மார்பிளா?" என்றார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இல்லம்மா, உப்பு" என்றேன் ஆங்கிலத்தில். அவர் நம்பவில்லை. ஒரு வெள்ளைத் துணித்துண்டால் கட்டியைத் துடைத்து, வெடிமருந்து இருக்கிறதா என்று பார்க்கும் மெஷினுக்குள் சொருகினார். மூன்று பேரும் காத்திருந்தோம். பின்னால் வரிசை நீண்டது.

"வேணும்னா நக்கிப் பாக்கச் சொல்லுங்க மாப்ள" என்றேன்.

மாப்பிள்ளை அதை மொழிபெயர்க்கவில்லை.